பழைய ஜீப்புக்குப் புதிய உடல்

மோட்டார் வண்டி என்று நாம் ஒரே சொல்லால் வழங்கும் பொருள், சில வகைகளில் உண்மையாகவே இரண்டு பொருள்களாகும். ஒன்று, சக்கரங்களையும் எஞ்சினையும் தாங்கி நிற்கும் அடிச்சட்டம். மற்றொன்று, அதன்மேல் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும் தகட்டு உடல். முன்னதைப் பட்டறைக்காரர்கள் சேசிஸ் என்பார்கள். பின்னதைப் பாடி என்பார்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெறும் சட்டமும் எஞ்சினும் சக்கரங்களுமாகத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த லாரியை, மரப்பலகை ஒன்றை இருக்கையாகப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிய ஓட்டுநர் வெயிலிலும் காற்றிலும் நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்லும் காட்சி பல ஆண்டுகள் நம் நாட்டில் சாதாரணமாக இருந்தது. உடல் இல்லாமலும் வண்டி ஓடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நான் சொல்லப்போகும் வேலைக்கு இந்தப் பிரிவுதான் அடிப்படை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப்பு ஒன்றின் துருவேறிய உடலைக் கழற்றிவிட்டு, வீட்டு முற்றத்திலேயே புதிய உடலை ஏற்றி அமைத்தோம். போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய் மலைக்குச் செல்லும் பாதைகளில் இத்தகைய ஜீப்புகளை இன்றும் காணலாம். தோட்டத்து ஆட்களும், உர மூட்டைகளும், காய் மூட்டைகளும் இவற்றில்தான் ஏறி இறங்குகின்றன. எங்கள் ஜீப்பும் அவற்றுள் ஒன்று. என் அண்ணன் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட எண்ணியிருந்தார். அவர் மகன், பொறியியல் கல்லூரி மாணவன், அதற்கு இசையவில்லை. அந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

எல்லா வண்டிகளுக்கும் இவ்வாறு உடலை மாற்ற இயலாது என்பதை முதலில் கூறிவிட வேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடி, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தரை, பக்கச் சுவர், கூரை ஆகிய தகடுகள் அனைத்தும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே பாரத்தைத் தாங்குகிறது. செருப்பு வாங்கும் அட்டைப் பெட்டியை எடுத்து, மூடியில்லாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகும். மூடியைப் பசையிட்டு ஒட்டிவிட்டு முறுக்குங்கள், பிடிவாதம் செய்யும். ஒட்டிய பெட்டியின் வலிமைதான் அம்பாசிடரின் வலிமை. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதுவே. இத்தகைய காரில் உடலைக் கழற்றினால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இராது.

ஜீப்பின் அமைப்பு வேறு. மூங்கில் ஏணியைத் தரையில் படுக்கவைத்தாற்போல, நீளவாட்டில் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். வில்பட்டைகள், அச்சுகள், எஞ்சின், கியர் பெட்டி, எஞ்சினின் ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, ஸ்டியரிங் பெட்டி, பிரேக்கின் எண்ணெய் உருளை ஆகிய யாவும் இந்த ஏணியையே பற்றி நிற்கின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும் திறமைக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் எந்த உறவும் இல்லை. கிளட்சு மிதியும் பிரேக் மிதியுங்கூடச் சட்டத்திலிருந்து எழுந்து, தரைத் தகட்டிலுள்ள துளைகளின் வழியே மேலே எட்டிப் பார்ப்பவைதாம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். எடை ஏறத்தாழ ஒரு டன். எஞ்சின் 60 குதிரைத்திறன். போர்க்களத்தில் பழுதுபார்ப்பவன் கையில் சில ஸ்பேனர்களே இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்ட வண்டி அது. மட்கார்டு, பானெட்டு, முன்கண்ணாடிச் சட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியே கழன்று வரும். போர் முடிந்தபின் பிலிப்பைன்ஸ் தீவுகளில் எஞ்சிக் கிடந்த ஜீப்புகளை அந்நாட்டு மக்கள் வாங்கி, உடலை நீட்டிக் கூரை போட்டு, பயணிகள் வண்டிகளாக மாற்றிக்கொண்டார்கள். ஜீப்னி எனப்படும் வண்டி பிறந்த வரலாறு அதுவே. உடலும் சட்டமும் வேறுவேறாக இருந்தமையால்தான் அது கைகூடிற்று.

எங்களுடையது, 1953-இல் அமெரிக்காவில் தோன்றிப் பின்னர் இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் பல ஆண்டுகள் செய்துவந்த சிஜே-3பி என்னும் வகை. இதன் பானெட்டு மற்ற ஜீப்புகளைவிட உயர்ந்து, நெற்றி தூக்கிய தோற்றம் தரும். அழகுக்காகச் செய்ததன்று. முந்தைய எஞ்சினில் வால்வுகள் யாவும் பக்கவாட்டில் இருந்தன. புதிய எஞ்சினில் உள்வாங்கும் வால்வைத் தலைக்குமேல் வைத்தார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதற்கேற்பப் பானெட்டும் உயர்ந்தது. சட்டத்தின்மேல் இருப்பது எதுவோ, அதற்குத் தக்கபடி தகடு வளைந்துகொடுக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் சட்டத்தை ஆராய்ந்தோம். இங்கே நான் அரசாங்கத்தின் சட்டத்தைக் குறிக்கிறேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது சுவையான பொருத்தம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே, கூரையை உயர்த்துவது, நீளத்தைக் கூட்டுவது, இருக்கைகளைப் பெருக்குவது போன்ற ஆசைகளுக்கு இடமில்லை. பழைய உடல் எந்த அளவோ, எந்த வகையோ, அதே அளவும் வகையும் உடைய புதிய உடலையே வாங்கினோம். இத்தகைய உடல்களைச் செய்து விற்போர் நாட்டின் பல இடங்களில் உள்ளனர். ஹரியானாவிலுள்ள மண்டி டப்வாலி என்னும் ஊர் ஜீப்பு வேலைக்கே பெயர்பெற்றது. நிறத்தையும் மாற்றவில்லை. வண்டியின் நிறமும் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விவரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம்.

கழற்றும் வேலை பொறுமைக்கு ஒரு பரீட்சை. முதலில் பேட்டரியின் இணைப்பை நீக்கினோம். அடுத்தது பெட்ரோல் தொட்டி. இந்த ஜீப்பில் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. தொட்டியை வடித்து, கழற்றி, முற்றத்தின் மறுகோடியில் திறந்த வெளியில் வைத்தோம். காலித் தொட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று நினைப்பது பெரும் பிழை. நிறைந்த தொட்டியில் பெட்ரோல் திரவமாக இருக்கிறது. திரவம் தானே வெடிப்பதில்லை. காலித் தொட்டியில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. ஒரு பொறி போதும். அதனருகே வெல்டிங் செய்தவர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

பிறகு மின்கம்பிகள், வேகமானியின் கேபிள், கைப்பிரேக்கின் கேபிள், ஆக்சிலேட்டர் இணைப்பு, ஸ்டியரிங் சக்கரம், கியர்க் கம்பிகளைச் சூழ்ந்த தரை மூடி என்று ஒவ்வொன்றாக நீக்கினோம். உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள உறவுகள் எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதிவைத்தோம். உடலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை நீக்கியது மட்டும் போதாது. மறந்துபோன ஒரே ஒரு கம்பி, உடல் மேலெழும்போது அறுந்துபோகும். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் வெள்ளைத் துணி நாடா கட்டி, பேனாவால் எண் குறித்தான் பையன். துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மறுநாளும் அசையாதவற்றின் தலையை ஆக்சா பிளேடால் அறுத்தோம். எல்லாம் சேர்ந்து இரண்டு நாள்.

உடலைத் தூக்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஜீப்பின் உடல் மூடியில்லாத பெட்டி போன்றது. ஏறி இறங்கும் பக்கத்திலோ தகடு ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது. தூக்கும்போது அந்த இடத்தில் மடங்கிவிடும். பழைய உடல் மடங்கினால் கவலையில்லை. புதிய உடல் மடங்கினால் பணம் போயிற்று. ஆகையால் இரண்டு பக்கத் திறப்புகளிலும் இரும்புக் கோணச் சட்டத்தைக் குறுக்கே போல்ட்டால் இறுக்கி, அதன்பின்பே தூக்கினோம். அண்டை வீட்டார் உட்பட ஆறு பேர், அடியில் இரண்டு சவுக்குக் கட்டைகளைச் செருகித் தூக்க, ஒரு சிறுவன் ஸ்டியரிங் தண்டு துளையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள, பழைய உடல் எழுந்து பக்கத்தில் அமர்ந்தது. ஜாக்கியின்மேல் நிற்கும் பொருளுக்கு அடியில் யாரும் தலையையோ கையையோ நீட்டலாகாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். ஜாக்கி தூக்குவதற்கு உரிய கருவி. தாங்கி நிற்பதற்கு மரக்கட்டைகள் வேண்டும்.

“சித்தப்பா, இனிப் புது உடலை ஏற்றிவிடலாம் அல்லவா?” என்று கேட்டான் பையன். புது உடல் சுவரோரம் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. எவருக்கும் அந்த அவசரம் வரும். ஆனால் இந்த வேலையில் மிக மதிப்புள்ள நேரம், இரண்டு உடல்களுக்கும் இடையே சட்டம் வெறுமையாக நிற்கும் அந்தச் சில நாட்கள்தாம். பல ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத இரும்பு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. சட்டம் கெட்டிருந்தால் புது உடல் வீண். வீண் மாத்திரமன்று, ஆபத்தும் ஆகும். வெளிப் பளபளப்பை நம்பித்தான் ஆட்கள் அதில் ஏறி உட்காருவார்கள்.

முதலில் சட்டம் கோணியிருக்கிறதா என்று பார்த்தோம். இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். கொத்தனாரின் தூக்குக்குண்டும், சுண்ணக்கட்டியும், அளவு நாடாவும் போதும். இரண்டு நீளச் சட்டங்களிலும் நேருக்கு நேராக உள்ள துளைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்தோம். முன்னே இரண்டு, பின்னே இரண்டு. இந்த நான்கு புள்ளிகளையும் குறுக்கே இணைத்தால் இரண்டு மூலைவிட்டங்கள் கிடைக்கும். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் கோணவில்லை. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று வகுப்பில் படித்த பாடம் இதுவே. முன்புறம் ஒடுங்கிய சட்டத்துக்கும், இருபுறமும் ஒத்திருக்கும் வரையில், இந்த விதி பொருந்தும். எங்கள் சட்டத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு நூல் வேறுபாடுகூடத் தென்படவில்லை.

அடுத்தது துரு. கம்பித் தூரிகையால் தேய்த்து, சிறு சுத்தியலால் அடி முதல் நுனிவரை தட்டிக்கொண்டே சென்றோம். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன எஃகு மந்தமாக ஒலிக்கும். மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பது போலத்தான். பின் வில்பட்டை சட்டத்தோடு சேரும் இடத்துக்கு அருகில் ஒலி மாறியது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துச் சற்று நேரம் விட்டுவைத்தோம். மேற்பரப்பு உலர்ந்த பிறகு, மயிரிழை போன்ற ஒரு கோட்டில் மட்டும் எண்ணெய் கசிந்து நின்றது. பிளவு, இரண்டு அங்குலம் இருக்கும். பல்லாண்டு மூட்டைப் பாரமும் கல் பாதையும் செய்த வேலை. பழைய உடல் மேலே இருந்தவரை அந்தப் பிளவின்மீது ஒரு முழச் சேறு ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களோடு இறங்கும் வண்டியில் பின் வில்பட்டை சட்டத்தைவிட்டுப் பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அண்ணன் அதை நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய இரும்புக் கடைப் பேச்சை அவர் மறுபடி எடுத்ததும் அப்போதுதான்.

பிளவு கண்ட எஃகெல்லாம் கழிவன்று. ஆனால் அதை மேலோட்டமாகப் பற்றவைத்து மூடுவதும் மருத்துவமன்று. பிளவின் கூர்நுனியில் விசை முழுவதும் குவிகிறது. அதனால்தான் துணியில் சிறிது கிழிசல் கண்டால் மேலும் மேலும் கிழிகிறது. முதலில் பிளவு முடியும் இடத்தில் ஒரு சிறு வட்டத் துளையிடுவார்கள். கூர்மை வட்டமாகிவிட்டபடியால் குவிந்த விசை பரவிப்போகும், பிளவு நகராது. பிறகு பிளவின் நெடுகிலும் தேய்த்து வாய்க்கால்போல் திறந்து, அடிவரை உருக்கி நிரப்பி, மேலே வலுத்தகடு ஒன்றைப் பொருத்துவார்கள். அந்தத் தகட்டின் விளிம்பு சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக இருக்கலாகாது. சாய்சதுர வடிவில் சாய்ந்து முடிய வேண்டும். செங்குத்தாக முடிந்தால் சட்டம் அந்தக் கோட்டிலேயே அடுத்தபடி வெடிக்கும். இந்த வேலை மட்டும் வீட்டு முற்றத்துக்கு உரியதன்று என்பது என் உறுதியான கருத்து. லாரிச் சட்டங்களில் கைதேர்ந்த மேஸ்திரி ஒருவரிடம், வெற்றுச் சட்டத்தை அதன் சக்கரங்களின்மீதே உருட்டி, வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அவர் பார்த்துவிட்டு, மற்ற இடமெல்லாம் உறுதியாக இருக்கிறது, இதைத் தாராளமாகச் சரிசெய்யலாம் என்றார். அண்ணன் மனம் மாறியது அவர் சொல்லால்தான். எங்கள் வாதத்தால் அன்று.

சட்டம் திரும்பி வந்ததும் துருவை அகற்றி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் அடித்தோம். துரு எங்கே தொடங்குகிறது என்பதைப் பழைய உடலே கற்பித்தது. திறந்து கிடக்கும் தகடு மழையில் நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடுகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கிலும், தரைக்கு அடியிலுள்ள வளைதகட்டின் உள்ளேயும் புகுந்த ஈரம் உலர்வதே இல்லை. எங்கள் பழைய உடலின் பக்கங்கள் நன்றாக இருந்தன. தரை மட்டும் அப்பளம்போல் நொறுங்கியது. 1948-இல் இங்கிலாந்தில் தோன்றிய லாண்ட் ரோவர் வண்டியின் உடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். போருக்குப்பின் அந்நாட்டில் எஃகுத் தட்டுப்பாடு இருந்தது. அலுமினியம் எஃகைப்போல் துருப்பிடிக்காது என்று மகிழலாம். ஆனால் அதன் சட்டம் எஃகு. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. உடலைத் தேர்ந்தெடுத்தால் அதன் பகையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

உடலை ஏற்றும்போது, அதற்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் வாஷர்களை வைத்தோம். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது ஏணிச் சட்டம் முறுகியே தீரும். தகட்டை அதனோடு இறுக்கிப் பூட்டினால் தகடு கிழியும். ஆகவே ரப்பர். அந்த ரப்பர் ஒரு புதிய சிக்கலை உண்டாக்குகிறது. இயற்பியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டியில் விளக்குக்குச் செல்லும் மின்கம்பி ஒன்றே. திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்புதான். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. புது வண்ணமும் கடத்தாது. எனவே உடலிலிருந்து சட்டத்துக்குத் தடித்த செம்புப் பின்னல் கம்பி ஒன்றை, இரு முனையிலும் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு இணைத்தோம். உடலை மாற்றிய வண்டிகளில் விளக்கு மங்கலாக எரிந்தால் முதலில் இந்த இணைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே மாட்டி, ஸ்டியரிங் தண்டு துளையின் நடுவில் நிற்கிறதா, மிதிகள் தடையின்றி முழுவதும் இறங்கி எழுகின்றனவா என்று பார்த்தபின் இறுக்கினோம். ஒன்றை முற்றிலும் இறுக்கிவிட்டு மற்றொன்றைத் தேடினால் கடைசித் துளை கட்டாயம் ஒத்துவராது. பிரேக் குழாய்களைப் புதிதாகப் போட்டு, எண்ணெயிலுள்ள காற்றை நான்கு சக்கரங்களிலும் வெளியேற்றினோம். காற்று சுருங்கும்; எண்ணெய் சுருங்காது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மிதித்த காலின் விசை குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

பதிவைப் புதுப்பிக்கும் காலமும் நெருங்கியிருந்தது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகச் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். சோதனைக்கு வந்த அதிகாரி விளக்கு, பிரேக்கு முதலியவற்றைப் பார்த்தார். உடலை மாற்றிய விவரத்தையும் ரசீதையும் நாங்களே காட்டினோம். பிறகு அவர் குனிந்து, சட்டத்தில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்துச் சான்றிதழோடு ஒப்பிட்டார். வண்டி எது என்று அரசாங்கம் அறிவது அந்த எண்ணால்தான்.

மலையில் ஏற்றுவதற்குமுன் சமவெளியில் வெறும் வண்டியாகச் சில நாள் ஓட்டினோம். ரப்பர் அமுங்கியதால் போல்ட்டுகள் சற்றே தளர்ந்திருந்தன. அவற்றை மறுபடி இறுக்கினோம். தரைத் தகட்டில் நீர் வடியும் துளைகளை வண்ணம் அடைத்துவிட்டதா என்று அறிய, பையன் இரண்டு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றினான். மூன்று துளைகளில் வடிந்தது, நான்காவது அடைபட்டிருந்தது. அதை ஆணியால் குத்தித் திறந்தபின் அண்ணன் முதல் சுமையை ஏற்றினார்.